எட்டால் வகுத்த கால்குலேட்டர்

பழைய கம்ப்யூட்டர்களை வாங்க ஆளும் இல்லை, தூக்கிப் போட மனசும் இல்லை என்றிருந்த ஒரு காலத்தில், தூத்துக்குடியில் சவரிராயன் என்பவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் கடை மேசையில் ஒரு கால்குலேட்டர் இருந்தது.

டியூப்லைட் வெளிச்சத்திலேயே ஓடுகிற வகை அது. மற்றப் பொத்தான்கள் எல்லாம் பளிச்சென்று இருக்க, எட்டு மட்டும் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. மேசையில் கிடந்த சாமான்களில் பாதி, தங்கள் வேகத்தை பிட் கணக்கில் சொல்லும். மீதி, பைட் கணக்கில் சொல்லும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் ஆகும். எண் பெரிதாகத் தெரியட்டும் என்று பிட்டில் பேசுகிறவர்களைப் பிடித்து, எட்டால் வகுத்து, அவரவர் இடத்தில் உட்காரவைப்பதே கால்குலேட்டரின் பிழைப்பாகிவிட்டது. அதற்குச் சலித்துப் போயிருந்தது. ஆனாலும் தப்புக் கணக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் அதனால் முடியாது. அப்படி ஒரு பிறவி.

அந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. சவரிராயன் வெளியே போகிற நேரத்தில், அடுத்த வேலை யாருக்கு என்று சாமான்களே கூடிப் பேசி முடிவு செய்யும். இருக்கிறவர்களில் யார் வேகமோ அவருக்குத்தான் வேலை. முடிவானதும் அந்த ஆள் தன் விளக்கை எரியவிடும். சவரிராயன் திரும்பி வந்து, எரிகிற விளக்கைப் பார்த்து அதை எடுத்து மாட்டுவார். தானே யோசித்து எடுத்ததாக நினைத்துக்கொள்வார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லாததால் சாமான்களும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஒரு நாள் காலையில் புளோரா டீச்சர் ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவர் டீச்சர். சவரிராயன் பெட்டியைத் திறந்து கரண்ட் கொடுத்ததும் உள்ளேயிருந்த ஹார்டு டிஸ்க் டக், டக் என்று தட்டியது. சவரிராயன் முகத்தைச் சுளித்தார்.

"இதுல என்னத்த வச்சிருக்கீங்க டீச்சர்?"

"கைப் படம். எங்க பிள்ளைங்க காட்டுற சைகை எல்லாம் ஒண்ணொண்ணா வரைஞ்சு இதுலதான் போட்டு வச்சிருக்கேன்."

"அதுக்குப் புஸ்தகம் விக்குல்லா?"

"புஸ்தகத்துல இருக்கது வேற. இது பிள்ளைங்க தானா கண்டுபிடிச்சது. 'அம்மா கோவமா இருக்கா, ஆனா அடிக்க மாட்டா'ன்னு ஒரு பிள்ளை ஒரே கையால சொல்லுவா. அதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு? கண்டுபிடிச்சதுங்க பாதி படிப்ப முடிச்சிட்டுப் போயிட்டுதுங்க. அதுங்க விட்டுட்டுப் போன சைகையைத்தான் இப்ப உள்ள சின்னதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன். வேற எங்கயும் எடுத்து வைக்கலய்யா. தப்புதான்."

சவரிராயன் டிஸ்க்கின் மேல் கையை வைத்துப் பார்த்தார். கொதித்தது.

"இப்ப சுத்திக்கிட்டு இருக்கு. நிப்பாட்டினா மறுபடி சுத்தாது, பாத்துக்கிடுங்க. சுத்தச் சுத்தவே எடுத்துறணும். ஒரு கனெக்டர் வேணும், பக்கத்துத் தெருவுல வாங்கிட்டு ஓடி வாரேன். நீங்க உக்காருங்க."

அவர் சைக்கிளை எடுத்தார். டீச்சர் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொண்டார். மேசையில் கூட்டம் ஆரம்பித்தது.

முதலில் பேசியது மோடம். அது எப்போதும் முதலில்தான் பேசும். டெலிபோன் லைனில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை.

"ஐம்பத்தாறாயிரம்" என்றது மோடம். "இங்க இருக்கவன் எவனாவது ஆயிரத்துல பேசுவானா? நான் பேசுதேன். செகண்டுக்கு ஐம்பத்தாறாயிரம்."

"ஐம்பத்திரண்டு" என்றது சி.டி. ரைட்டர். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் நெற்றியில் '52எக்ஸ்' என்று அச்சடித்திருந்தது. அதற்குமேல் விளக்கம் சொல்வது கௌரவக் குறைச்சல் என்பது அதன் எண்ணம்.

"ஐம்பத்திரண்டா?" மோடம் சிரித்தது. "ஆயிரத்த விட்டுட்டியே வே, எங்க போட்ட?"

"நான் பன்னிரண்டு" என்றது யு.எஸ்.பி. டப்பா. வந்த புதிதில் வாங்கிய முதல் தலைமுறைச் சரக்கு அது. இருந்தாலும் அந்த மேசையில் அதுதான் இளவட்டம். "ஆனா மெகாவுல பன்னிரண்டு. மெகான்னா லட்சம் பத்து. தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன்."

கால்குலேட்டருக்குத் தலையை வலித்தது. "ஒருத்தன் ஆயிரத்துல சொல்லுதான், ஒருத்தன் எக்ஸ்ல சொல்லுதான், ஒருத்தன் மெகாவுல சொல்லுதான். படியும் முழமும் கிலோவும் வச்சுக்கிட்டு எது பெருசுன்னு சண்டை போட்டா எப்படிய்யா? எல்லாத்தையும் பைட்டுக்குக் கொண்டு வாங்க. செகண்டுக்கு எத்தனை பைட். அது ஒண்ணுதான் கேள்வி."

"ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. டிஸ்க்தான். "எனக்கு ஒரு விஷயம் சொல்லணும். நான் சுத்துதது..."

"பொறும். உமக்காகத்தான பேசுதோம்" என்றது கால்குலேட்டர்.

அது மோடத்தைப் பார்த்துத் திரும்பியது. "ஐம்பத்தாறாயிரம்னியே, பிட்டா பைட்டா?"

மோடம் இருமியது. "ஜனங்க பொதுவா ஐம்பத்தாறாயிரம்னுதான் சொல்லுவாங்க."

"பிட்டு. எட்டால வகு. ஏழாயிரம்."

மோடத்தின் குரல் பாதியாகக் குறைந்தது. ஆயிரத்தில் இருந்து இறக்கவில்லையே என்பதில் அதற்கு ஒரு சின்ன ஆறுதல்.

யு.எஸ்.பி. டப்பாவின் பன்னிரண்டு மெகாவும் பிட்தான். ஒரு கோடியே இருபது லட்சத்தை எட்டால் வகுத்தால் பதினைந்து லட்சம். டப்பா அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. ஏழாயிரத்துக்கு முன்னால் பதினைந்து லட்சம் தைரியமாகத்தான் நிற்கும்.

சி.டி. ரைட்டரின் எக்ஸ்தான் பெரிய தொல்லை. ஒரு எக்ஸ் என்றால் என்ன என்று அதனிடமிருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாட்டு சி.டி. சாதாரணமாகப் பாடுகிற வேகம்தான் ஒரு எக்ஸ், அதாவது நூற்றைம்பது கிலோ பைட் என்று கடைசியில் வாயைத் திறந்தது.

"அப்ப ஐம்பத்திரண்ட நூத்தைம்பதால பெருக்கணும். இரு, இரு. அந்த ஐம்பத்திரண்டு, தட்டைப் படிக்கிற வேகமா, எழுதுற வேகமா?"

"படிக்கது."

"இங்க வேலை எழுதுறது."

"எழுதுறது இருபத்திநாலு" என்று சி.டி. ரைட்டர் வேறு பக்கம் பார்த்துச் சொன்னது.

"நெத்தியில அத அடிக்கக் கூடாதாக்கும்?" கால்குலேட்டர் எரிச்சலோடு பெருக்கியது. முப்பத்தாறு லட்சம். இருந்தாலும் அதுதான் முதலிடம். சரி, தீர்ந்தது என்று அது பெருமூச்சு விடும்போது சி.டி. ரைட்டர் தொண்டையைக் கனைத்தது.

"என் கிலோ ஆயிரம் இல்ல. ஆயிரத்து இருபத்துநாலு. அதப் போட்டா இன்னும் எண்பத்தாறாயிரம் கூட வரும்."

"அது அநியாயம்" என்று யு.எஸ்.பி. டப்பா குதித்தது. "என்னய மட்டும் ஆயிரத்துல அளந்தீங்கல்லா? அவருக்கு மட்டும் படி பெருசா?"

இதை எல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் இருந்த ஃபிளாப்பி டிரைவ் நடுவில் வந்தது. "ஆயிரத்து இருபத்துநாலுதான் சரி. எங்க காலத்துல எல்லாம் அதான்."

"நீ பேசாத" என்றது கால்குலேட்டர். "உன் தட்டுல ஒண்ணு புள்ளி நாலு நாலு மெகான்னு அடிச்சிருக்கே, அது எந்த அளவுல வந்துச்சு தெரியுமா? ஒரு தடவை ஆயிரத்தால பெருக்கி, மறு தடவை ஆயிரத்து இருபத்துநாலால பெருக்கினாத்தான் அந்தக் கணக்கு வரும். ரெண்டு படியையும் கலந்து அளந்தவன் நீ. நீ நியாயம் பேச வாரியா?"

ஃபிளாப்பி டிரைவ் மூலைக்கே போய்விட்டது. ஆனால் சண்டை போகவில்லை. எந்தக் கிலோ என்று முடிவானால்தான் விளக்கு எரிய முடியும். ஆயிரம் என்று வைத்து ஒரு தடவை எல்லோருக்கும் கணக்குப் போட்டது கால்குலேட்டர். ஆயிரத்து இருபத்துநாலு என்று வைத்து மறுபடி போட்டது. இரண்டிலும் சி.டி. ரைட்டரே முதலிடம். அப்புறம் என்ன சண்டை என்று கேட்டால், எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்பதும் முக்கியம்தான் என்றது யு.எஸ்.பி. டப்பா.

"ஐயா" என்றது டிஸ்க். டக், டக். "எனக்கு இனிமே சுத்துறதுக்குக் கொஞ்ச நேரந்தான் இருக்கு. சும்மா சுத்தினாலும் அது செலவாகுது. அதத்தான் சொல்ல வந்தேன்."

"ஓய், இவனுங்களோட ஏற்கனவே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நீரு வேற இடையில இடையில" என்று கால்குலேட்டர் வெடித்தது. "கணக்கு முடியட்டும். தப்பான ஆள்கிட்ட உம்மக் குடுத்தா நாளைக்கு யார் பதில் சொல்லுதது?"

டிஸ்க் அடங்கியது. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்று ஃபிளாப்பி டிரைவ் மூலையிலிருந்து முனகியது.

பாக்கி இருந்தது சீரியல் கேபிள். ஒன்பது முள் உள்ள பழைய வயர். கடற்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது என்று சவரிராயன் அதை எடுத்துக் கதவைக் கம்பியோடு கட்டி வைத்து வருஷக்கணக்காகிறது. அதற்கு விளக்கும் கிடையாது. வழக்கப்படி அது போட்டிக்கே வர முடியாது. இருந்தாலும் கணக்கு என்றால் எல்லோருக்கும் போட்டாக வேண்டும் என்பது கால்குலேட்டரின் கொள்கை.

"உனக்கு எவ்வளவு?"

"ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து இருநூறு" என்றது கேபிள். "பிட்டு."

"முதல் தடவையா ஒருத்தன் கேக்காமலே பிட்டுன்னு சொல்லுதான்" என்றது கால்குலேட்டர். "எட்டால வகுத்தா பதினாலாயிரத்து நானூறு."

"இல்லிங்க. என்னய எட்டால வகுக்கக் கூடாது. பத்தால வகுக்கணும்."

தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்கிற ஆளை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால 'வாரேன்'னு ஒரு பிட்டு, முடிஞ்சதும் 'வந்துட்டேன்'னு ஒரு பிட்டு. அதுவும் என் பொறுப்புலதான் போகும். ஆகப் பத்து. பதினோராயிரத்து ஐநூத்தி இருபதுதான் என் கணக்கு."

சி.டி. ரைட்டர் இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தது. "ஒம்பது முள்ளு இருக்கே உனக்கு. எல்லாம் என்ன பண்ணுது?"

"சரக்கு அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு. 'அனுப்பவா'ன்னு கேக்க ஒண்ணு, 'அனுப்பு'ன்னு சொல்ல ஒண்ணு. மத்ததுலயும் பாதி, அந்தப் பக்கம் ஆள் ஆயத்தமான்னு கேக்கதுக்குத்தான்."

"சரக்குக்கு ரெண்டு, மரியாதைக்கு ஏழு" என்றது மோடம். ஏழாயிரத்துக்கு இறங்கியதிலிருந்து யாரையாவது கிண்டல் செய்யக் காத்திருந்தது அது. தன்னைவிடக் கேபிள் வேகம் என்பதை வசதியாக மறந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கால்குலேட்டர் சிரிக்கவில்லை. பத்தால் வகுத்து எழுதிக்கொண்டது. அதற்கு அதுபோதும்.

சவரிராயன் போன வேகத்தில் கனெக்டரோடு வந்துவிட்டிருந்தார்; எந்த விளக்கும் எரியாததால் எதை மாட்டுவது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வந்து அரை மணி கழித்துத்தான் சி.டி. ரைட்டரின் விளக்கு எரிந்தது.

சவரிராயன் எரிகிற விளக்கைப் பார்த்தார். "சி.டி.யில போட்டுருவோம் டீச்சர், அதான் வேகம்" என்று மாட்டினார்.

சி.டி. ரைட்டர் தட்டைச் சுழற்றிக்கொண்டு, "குடும்" என்றது.

டிஸ்க் கொடுத்தது. முதல் படம் போனது. இரண்டாவது படத்தின் நடுவில் ஓர் இடம் தேய்ந்திருந்தது. டிஸ்க் அங்கே நின்று, பின்னால் போய், மறுபடி தடவிப் பார்த்தது. அதற்கு ஒரு கண நேரம் ஆகும். அந்தக் கணத்தில் சி.டி. ரைட்டர் அலறியது.

"நிக்காதயும்வே. நான் நடுவுல நிறுத்த மாட்டேன். எழுத ஆரம்பிச்சா முடிக்கத வரைக்கும் சரக்கு வந்துக்கிட்டே இருக்கணும். இல்லன்னா தட்டு பாழ்."

தட்டு பாழாயிற்று. சவரிராயன் அதை எடுத்துப் பார்த்துக் குப்பையில் போட்டார். இன்னொரு தட்டைப் போட்டார். அதுவும் பாழ். ஒவ்வொரு இழுப்புக்கும் டிஸ்க்கின் தட்டுகிற சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. டீச்சர் ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்து யு.எஸ்.பி. டப்பாவின் முறை. அது அலறவில்லை. "பைல் குடுங்க" என்றது. டிஸ்க் தேய்ந்த இடத்தில் நின்றது. டப்பா கொஞ்சம் காத்திருந்தது. "பதில் இல்ல. ஆள் போயிட்டாரு" என்று எழுதிவிட்டு மூடிக்கொண்டது.

"நான் இருக்கேன்" என்றது டிஸ்க்.

"போயிட்டாருன்னு எழுதியாச்சு. மறுபடி முதல்ல இருந்துதான் வரணும்."

சவரிராயன் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் டப்பா அதையே எழுதியது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேகமா இழுத்தாத்தான் சாகுறதுக்குள்ள எடுக்க முடியும்னு பாத்தேன் டீச்சர். இது இழுக்க இழுக்க உயிர விடுது."

"இழுக்காதீங்கய்யா" என்றார் டீச்சர். "எங்க பிள்ளைங்களும் இப்படித்தான், ஒரு விஷயம் கையால சொல்லிக்கிட்டு வரும்போது நடுவுல நின்னுரும். அப்ப நாம கையப் புடிச்சு 'சொல்லு, சொல்லு'ன்னா அதோட விட்டுரும். சும்மா பாத்துக்கிட்டு இருந்தா அதாவே சொல்லி முடிக்கும்."

மேசையில் டிஸ்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. அது கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"நானும் காலையில இருந்து பாக்கேன்" என்றது. "எவ்வளவு வேகமா வாங்குவேன்னு ஆளாளுக்கு மார்தட்டுதீங்க. நான் எவ்வளவு வேகமாக் குடுப்பேன்னு ஒருத்தனாவது கேட்டானா? குடுக்கிறவன் நான்தானவே."

எல்லோரும் கால்குலேட்டரைப் பார்த்தார்கள்.

"அது கேள்வியிலயே இல்லியே" என்றது கால்குலேட்டர். சொல்லும்போதே அதற்கு என்னவோ போல இருந்தது. "சரி. இப்பச் சொல்லும். எவ்வளவு?"

"செகண்டுக்கு ஒம்பதாயிரம் பைட். அதுக்கு மேல முடியாது. நடுவுல நின்னு மூச்சு வாங்குவேன். அத யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

கால்குலேட்டர் காலையிலிருந்து போட்ட கணக்குகளை ஒரு தடவை பார்த்தது. முப்பத்தாறு லட்சம். பதினைந்து லட்சம். ஆயிரமா, ஆயிரத்து இருபத்துநாலா என்று அடித்துக்கொண்ட அந்த எண்பத்தாறாயிரம். ஒன்பதாயிரம் கொடுக்கிறவனிடம் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புதான். பதினோராயிரம் வாங்குகிறவன் போதும். கேட்டுவிட்டு வாங்குகிறவனாக இருந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். கேட்டிருந்தாலே போதும்.

அதற்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. விளக்கு இல்லாத கேபிளை எப்படிச் சவரிராயன் கண்ணில் காட்டுவது? தன்னிடம் இருப்பதெல்லாம் எண் மட்டும்தான். அது கேபிள் சொன்ன 115200-ஐத் தன் முகத்தில் எழுதிக்கொண்டு நின்றது.

சவரிராயன் மேசையைப் பார்த்தார். அந்த எண்ணைப் பார்த்தார். பழைய மெக்கானிக்குகளுக்கு அந்த எண் மறக்காது. கண் தானாக ஜன்னல் பக்கம் போயிற்று.

"இந்தா, கேபிள் ஒண்ணு கிடக்குல்லா" என்று எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்தார். கதவு படாரென்று காற்றில் அடித்தது. டீச்சர் போய் ஸ்டூலை அதற்கு அணைகொடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டார். கேபிளின் ஒரு முனை டீச்சரின் கம்ப்யூட்டரில், மறுமுனை கடைக் கம்ப்யூட்டரில்.

"அனுப்பலாமா அண்ணாச்சி?" என்றது கேபிள்.

அப்படி ஒரு கேள்வி டிஸ்க்குக்குப் புதிது.

"அனுப்பு" என்றது.

ஒரு கைப்பிடி போயிற்று. "அனுப்பலாமா?" "அனுப்பு." அடுத்த கைப்பிடி. தேய்ந்த இடம் வந்தது. டிஸ்க் நின்றது. கேபிளும் நின்றது. அலறவில்லை. போயிட்டாரு என்று எழுதவில்லை. டிஸ்க் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்து, கிடைத்ததும், "இப்ப அனுப்பு" என்றது. கேபிள் எடுத்துக்கொண்டு போனது.

கடைக் கம்ப்யூட்டரின் திரையில் படங்கள் வரத் தொடங்கின. ஒரு சின்னக் கை. இரண்டு கை. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். "இது ஸ்நேகாவோடது. அப்பா கடலுக்குப் போயிருக்காருன்னு அர்த்தம். இது அப்பா திரும்பி வந்துட்டாரு." சவரிராயனும் தன் கையை வைத்துச் செய்து பார்த்தார். அவர் விரல் தடிமன், சரியாக வரவில்லை.

மத்தியானம் போய் வெயில் சாய்ந்தது. சவரிராயன் பரோட்டா வாங்கிவரச் சொன்னார். டீச்சர் சாப்பிடவில்லை. சி.டி. ரைட்டர் இரண்டு மூன்று தடவை, "இன்னும் முடியலியா" என்று கேட்டது.

"இன்னும் ஒரு போல்டர்" என்றது டிஸ்க். அதன் குரல் தூரத்தில் கேட்பது போல் இருந்தது. "இனிகோன்னு ஒரு பையனோடது, தொண்ணூறு லட்சம் பைட். அது மட்டுந்தான்."

"அவசரமில்ல அண்ணாச்சி" என்றது கேபிள். "அனுப்பலாமா?"

பதில் வரவில்லை.

கேபிள் காத்திருந்தது. காத்திருப்பது அதற்குக் கைவந்த வேலை. மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. டிஸ்க் சுற்றுகிற சத்தம் மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் கடை முழுக்க ஜன்னல் கதவு ஸ்டூலில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சவரிராயன் கரண்டை நிறுத்தி மறுபடி போட்டார். தட்டிப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

"கிட்டத்தட்ட எல்லாம் வந்துட்டு டீச்சர். ஒரே ஒரு பையனோடது மட்டும் வரல. அவனக் கேட்டு மறுபடி வரைஞ்சுக்கிட முடியாதா?"

"இனிகோ வீட்ட காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல." டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அலை வந்து காலத் தொட்டுட்டுத் திரும்பிப் போகும்ல, அதுக்கு அவன் ஒண்ணு வச்சிருந்தான். அவ்வளவு அழகா இருக்கும். இப்படி வந்து..."

அவர் கையை நீட்டிக் காட்டினார். கை முன்னால் போயிற்று. விரல்கள் மடங்கத் தொடங்கின. அப்புறம் எந்த விரல் முதலில் திரும்ப வேண்டும் என்று அவருக்கு நினைவு வரவில்லை. கை பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு மேசையில் பேச்சு ஆரம்பித்தது. நல்ல தட்டாகப் போட்டிருந்தால் ஐந்தே நிமிஷத்தில் முடித்திருப்பேன் என்றது சி.டி. ரைட்டர். ஐந்து நிமிஷம் என்பது எந்தக் கிலோவில் என்று கேட்டது யு.எஸ்.பி. டப்பா. மோடம் இடையில் புகுந்து தன்னை யாரும் மாட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று சத்தம் போட்டது. நீரே சொல்லும் என்று எல்லோரும் கால்குலேட்டரைக் கூப்பிட்டார்கள்.

கால்குலேட்டர் அவர்கள் கேட்டது எதையும் போடவில்லை. யாரும் கேட்காத ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் கூட்டம் சவரிராயனைக் காக்கவைத்தது அரை மணி. அதாவது ஆயிரத்து எண்ணூறு செகண்ட். அந்த நேரமெல்லாம் டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. செகண்டுக்கு ஒன்பதாயிரம் பைட் என்றால் ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம். இனிகோவின் போல்டர் தொண்ணூறு லட்சம்.

அது இரண்டாவது தடவையும் பெருக்கிப் பார்த்தது. ஆயிரத்தில் பார்த்தது, ஆயிரத்து இருபத்துநாலில் பார்த்தது. எந்தப் படியில் அளந்தாலும் இனிகோவின் படங்கள் அதற்குள் அடங்கி, மேலே இடமும் மிச்சமிருந்தது.

மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது என்ன எண் என்று கால்குலேட்டர் சொன்னது. சி.டி. ரைட்டர் தன் விளக்கை அணைத்துக்கொண்டது.

சவரிராயன் டியூப்லைட்டை அணைக்கிற வரைக்கும் அந்த எண் அதன் முகத்தில் இருந்தது. அன்றைக்கு அந்த மேசையில் போட்ட கணக்குகளில், யாரும் சண்டைக்கு வராத விடை அது ஒன்றுதான்.